மூச்சுமாற்றித் தொட்டியைத் திறந்தவர்

ஆயுத பூசை முடிந்த மூன்றாம் நாள் காலை, மூச்சுமாற்றித் தொட்டியின் மூடியைத் தடவிப் பார்த்த மாரப்பனின் விரலில் சாமந்தி நார் தட்டுப்பட்டது. மூடிக்கும் ரப்பர் வளையத்துக்கும் நடுவே சிக்கி, காற்று புக இடுக்கு விட்டிருந்தது. அவர் ஓடிப்போய் ஊருக்கு நீர் போகும் குழாயை அடைத்தார்.

உரம் இறங்கி இறங்கி நிலத்தடி நீரெல்லாம் நைட்ரேட் ஏறிப்போன காலம் அது. ஊருக்கு ஒரு தொட்டி; அதற்குள் கோடிக்கணக்கில் நுண்ணிகள். காற்றில்லாமல் அடைத்து வைத்தால் அவை வேறு வழியின்றி நைட்ரேட்டிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கி உயிர் வாழும், நீர் குடிநீராகும். கொஞ்சம் காற்று கிடைத்துவிட்டாலோ நைட்ரேட்டைத் திரும்பியும் பார்க்காது. நோகாமல் கிடைக்கும்போது யார்தான் பாடுபடுவார்கள்?

இதெல்லாம் தொட்டிக் காவலர் மாரப்பனுக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தும் எல்லா இயந்திரமும் ஓய்வெடுக்கும் பூசை நாளில், இவற்றை மட்டும் மூச்சடைத்து வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அன்று குழாயை அடைத்துவிட்டு மூடியைத் திறந்து, சந்தனம் பூசி, பூச்சரம் சுற்றினார். காற்று புகுந்ததென்று அலறிய எச்சரிக்கை மணியை அணைத்தார். சாயங்காலம் மூடியைப் போட்டுக் குழாயைத் திறந்தவர், மணியைத் திரும்பப் போட மறந்தேபோனார்.

நேற்று எதிர்வீட்டுக் கவின்மலரின் இரண்டு மாதக் குழந்தைக்கு உதடு நீலம் பாரித்தது. ஊசி போட்டுக் காப்பாற்றி அனுப்பியிருந்தார்கள். இன்று குழாயை அடைத்த கையோடு மாரப்பன் போனபோது அவள் அடுப்படியில் நின்றாள்.

"தண்ணிக் கோளாறுன்னு டாக்டரு சொன்னாருங்ணா. நாந்தான் சரியாக் காய்ச்சலையாட்ட இருக்குது. பால்மாவு கரைக்க இனி அரைமணி நேரம் காய்ச்சோணும்." அவள் கண் கலங்கியிருந்தது.

காய்ச்சக் காய்ச்ச நீர்தான் வற்றும். நைட்ரேட் இன்னும் கூடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவள் தலையிலேயே விழும், தன் வேலையும் தப்பும். அப்படி நினைத்ததற்கே மாரப்பன் கூசிப்போனார்.

"அடுப்ப அணை அம்மிணி. தப்பு உம்மேல இல்ல. பாவம்னு நெனச்சு அந்த நுண்ணிகளுக்கு நான் காத்து உட்டேன். அதுங்க நைட்ரேட்ட அப்படியே உட்டுருச்சு. அது உள்ள போனா ரத்தம் காத்தச் சுமக்காது. உன் பாப்பா மூச்சப் புடுங்கித்தான் அதுகளுக்குக் குடுத்திருக்கேன்."

வசவு விழும் என்று காத்திருந்தார். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இந்தத் தண்ணி எத்தன ஊட்டுக்குங்ணா போகுது?"

"நானூறு."

"அதுல எத்தன ஊட்டுல கைக்கொழந்த இருக்குது?"

ஒரு சொட்டில் எத்தனை நுண்ணி என்று கேட்டிருந்தால் மாரப்பன் சட்டென்று சொல்லியிருப்பார். இது அவருக்குத் தெரியாது. இறங்கிப் போய், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.