மூக்கு பட்ட செடி

"இன்னிக்கு மத்தி வாங்காதே, ஒடீலியா... இன்னும் கொழுப்பு ஏறல. அந்தோணியார் திருவிழா வரைக்கும் பொறு."

அமாரோ அப்படிச் சொல்லிவிட்டு, ஜன்னலில் இருந்த, துளசி போல மணக்கும் மஞ்சேரிக்கோ செடியின் மேல் உள்ளங்கையை வைத்தான். கையை முகர்ந்தான். ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

பதினொரு மணிக்கு, பேராலயத்துக்குக் கீழே நிறுத்திய ஆட்டோவில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழவில்லை. வயது நாற்பத்தாறு.

ஒடீலியாவுக்கு அழுகைக்கு முன்னால் வந்தது கோபம். மீனுக்காகப் பொறு என்று சொன்னவன், தான் மட்டும் ஒரு வாரம் பொறுக்கவில்லையே!

கோபத்தில்தான் அவர்கள் உறவு தொடங்கியதும்...

பதினொரு வருடங்களுக்கு முந்தைய திருவிழா மதியம். லிஸ்பனின் அல்ஃபாமா பேட்டை முழுக்க வாசலுக்கு வாசல் கரி அடுப்பு. ஒடீலியா மத்தியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜூனில் வரக்கூடாத தூறல் ஒன்று வந்து கரியைச் சீற வைத்தது. அப்போது சதுக்கத்தின் மூலையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. நாலு வெளிநாட்டார் இறங்கினார்கள். ஓட்டி வந்தவன் நேராக அவள் மேசைக்கு வந்து, காகிதப் பூ செருகிய அவளுடைய மஞ்சேரிக்கோ செடிக்குள் மூக்கை நுழைத்தான்!

"யோவ்! என்ன பண்றே?"

"வாசனை பார்த்தேங்க."

"மூக்கை விட்டா? லிஸ்பன்ல பொறந்தவன்தானே நீ? கையால தொட்டு, கையை முகரணும்னு அஞ்சு வயசுக் குழந்தைக்குத் தெரியும். மூக்கு பட்டா வாடிடும்!"

"என் மூக்கு அவ்வளவு மோசமில்லீங்க..."

பக்கத்து அடுப்பில் சிரித்தார்கள். வெளிநாட்டார் அவளைப் படம் எடுத்தார்கள். அவளுக்கு உச்சிவரை ஏறியது.

"இதைக் காட்டத்தான் கூட்டிட்டு வந்தியா? மேல் வீட்டு ஜுடீட்டைக் காலி பண்ண வெச்சாச்சு. எதிர் வீட்டை டூரிஸ்டுக்கு வாடகைக்கு விட்டு, கதவுல சாவிப் பெட்டி மாட்டியாச்சு. வாரத்துக்கு ஒரு புது மூஞ்சி! எல்லாம் நீ ஏத்திட்டு வர்ற ஆளுங்களுக்காகத்தானே?"

அவன் சிரிப்பு நின்றது. ஆற்று நிறக் கண்கள்... மழைக்கு முந்தைய ஆறு. 'எதுக்கு இப்படிப் பார்க்கிறான்?'

"செடி வாடினா?" என்றான் மெதுவாக.

"உன் ஆட்டோ சத்தமே இங்க கேக்கக் கூடாது."

"வாடலேன்னா?"

"வாடும்."

மறுநாள் காலை வந்து நின்றான். "உயிரோட இருக்கா?"

"உன்னைப் பார்த்துப் பயந்துபோய் நிக்குது."

அதற்கடுத்த நாளும் வந்தான். அதற்கும் அடுத்த நாள்... ஒன்பது மணிக்குத் தன் காது தானாகத் தெருவுக்குப் போவதைக் கண்டு ஒடீலியா தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிறகு ஐந்து நாட்கள் அவன் வரவில்லை. எந்த ஆட்டோ போனாலும் எரிச்சல்தான். 'வந்தா என்ன, வராட்டி எனக்கென்ன...'

ஆறாம் நாள் மழையில் நடந்து வந்தான். தோளில் ஒரு துணிமூட்டை.

"ஆட்டோ எங்கே? வித்துட்டியா?"

"அக்கா வீட்டு வாசல்ல நிக்குது, சாமானோட. மொராரியால நான் பொறந்த வீடுங்க... அங்கயும் சாவிப் பெட்டி மாட்டிட்டாங்க."

 அன்றைக்கு அவன் முகத்தில் அவள் எறிந்த வார்த்தை...

"காலி பண்ணச் சொல்லிட்டாங்கன்னு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே!"

"என்னத்தைச் சொல்ல? நீங்க கேட்டது நியாயம்தானே. நானும் ஏத்திட்டுத்தான் வர்றேன். வேற வேலை கிடைக்கல." நனைந்த முடியை ஒதுக்கினான். "இன்னொண்ணு சொல்லணும்... செடியில மூக்கை வெச்சது தெரியாமப் பண்ணதில்ல."

"என்னது?"

"மூணு வருஷமா உங்க அடுப்பு மத்திதான் எனக்குத் திருவிழா. ஒரு தடவைகூட நீங்க நிமிர்ந்து பார்த்ததில்ல. 'எத்தனை மீன்?' அவ்வளவுதான். கோபம் வந்தாலாவது பார்ப்பீங்கன்னு..."

"அதுக்கு என் செடிதான் கிடைச்சுதா, கிறுக்கா!"

செடியைத் தடவினாள். அந்தக் கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இப்படித்தான் முகரணும். கத்துக்கோ."

அவன் முகர்ந்தான். கையை விடவில்லை.

அந்தச் செடி ஆகஸ்டில் காய்ந்தது, எல்லாச் செடியும் காய்கிற மாதிரி. "பார்த்தியா, உன் மூக்கு!" என்றாள். "அடுத்த ஜூன்ல வாங்கித் தர்றேண்டி," என்றான். வருடம் தவறவில்லை.

இந்த வருடத்துச் செடியையும் அவன்தான் வாங்கி வைத்திருந்தான், போவதற்கு முந்தின நாள். அடக்கத்துக்கு வந்தவர்கள்கூட அதைக் கையால் தொட்டு, கையைத்தான் முகர்ந்தார்கள்.

திருவிழா வந்தது. மத்தியில் கொழுப்பு ஏறி ரொட்டியில் சொட்டியது. ஒடீலியா அடுப்பு வைக்கவில்லை. ஜன்னலைச் சாத்தப் போனவள், செடியின் முன் நின்றாள். எங்கிருந்தோ அந்தக் கோபம் பொங்கியது. குனிந்து, மூக்கை அதற்குள் அழுத்தினாள். ஆழமாக இழுத்தாள்.

"வாடு! நீயும் வாடித் தொலை!"

மறுநாள் காலை எழுந்ததும் ஜன்னலைத் திறந்தாள்.

செடி பச்சையாகத்தான் இருந்தது.