பொதுப் பூனையின் வலது கால்

"பூனைத் திருடன்! பிடிங்க... பிடிங்க அவனை!"

பெரிஹான் போட்ட சத்தத்தில் உஸ்குதார் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. மழை வேறு பிடித்துக்கொண்டிருந்தது. அளவு நாடா கழுத்தில் தொங்க, அப்பாவின் திரைச்சீலைக் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். எதிரே நெடுநெடுவென்று ஒருவன். அவன் மேலங்கிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது அவளுடைய சாம்பல் நிறப் பூனை.

"திருடனா? நானா? ஏங்க, இது என் பூனை!"

"மூணு வருஷமா தினமும் மத்தியானம் எங்க கடைல தூங்குது. பேரு பாஷா!"

"நாலு வருஷமா தினமும் காலைல என் ஜன்னல் வழியா வந்து நெத்திலி தின்னுது. பேரு துமான்!"

பூனை இரண்டு பெயருக்கும் காதை அசைக்கவில்லை.

மழைத்துளி ஒன்று அவன் இமையில் தங்கி, கன்னத்தில் இறங்கியது. கடலைப் பார்த்துப் பார்த்தே அந்த நிறத்துக்கு வந்துவிட்ட கண்கள். 'திருடனுக்கு எதுக்கு இவ்வளவு நல்ல கண்ணு...'

"நொண்டுதுங்க. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறேன். சண்டை போடணும்னா கூட நடந்துக்கிட்டே போடுங்க."

போட்டுக்கொண்டே போனாள்.

நெர்மின் டாக்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பூனையின் வலது முன்னங்காலை விரித்தாள். கட்டைவிரல் நகம் வளையம் போலச் சுருண்டு, சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது.

"வயசான பூனை. நகம் தானா தேயாது, வெட்டி விடணும். யாரு இதுக்குச் சொந்தக்காரங்க?"

தெருவில் அவ்வளவு அடித்துக்கொண்ட இரண்டு பேரும் இப்போது சுவரைப் பார்த்தார்கள்.

"அதானே! தீனி போட தெரு பூரா ஆள் இருக்கு. நகம் வெட்ட ஒருத்தர் கிடையாது."

பெரிஹானின் பார்வை பூனையின் காலுக்குத் திரும்பியது. மூன்று வருஷம் மடியில் போட்டுக் கொஞ்சியிருக்கிறாள். ஒரு நாள்கூட அந்தக் காலை விரித்துப் பார்த்ததில்லை. பக்கத்தில் அவனும் தலைகுனிந்து நின்றான். அந்தக் குனிந்த தலைதான் அவளுக்கு முதலில் பிடித்தது.

நகத்தை வெட்டி எடுத்துவிட்டு டாக்டர் சொன்னாள். "ஒரு வாரம், காலையும் சாயங்காலமும் மருந்து போட்டுக் கட்டணும். ஒருத்தர் துண்டுல சுத்திப் பிடிங்க, ஒருத்தர் கட்டுங்க. ஆறினப்புறம் மூணு வாரத்துக்கு ஒரு தடவை நுனியை மட்டும் வெட்டுங்க. உள்ள சிவப்பு தெரியுற இடத்துக்குப் போயிடாதீங்க, ரத்தம் வரும்."

அவன் பெயர் ஜெவாத். பயணிகள் கப்பலில் வேலை. கப்பல் துறைக்கு வந்ததும் கயிறு வீசிக் கட்டுகிறவன். வேலைக்கு முன்னும் பின்னும் கடைக்கு வந்தான். அவள் துண்டில் சுற்றிப் பிடிப்பாள், அவன் கட்டுவான்.

"பூனைக் காலுக்கு எதுக்குங்க இத்தனை முடிச்சு? இது என்ன கப்பலா?"

"கப்பல் கடிக்காதுங்க. இது கடிக்குதே!"

"எங்க பாஷா யாரையும் கடிக்காது."

"அப்போ என்னைக் கடிக்கிறது துமான்தான்."

சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் தைத்த திரைச்சீலையில் மடிப்பெல்லாம் கோணல்.

ஏழாம் நாள் காலையில் பார்த்தாள். புண் ஆறியிருந்தது. சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? சொல்லிவிட்டால்... நாளையிலிருந்து அவன் எதற்கு வருவான்?

ஜெவாத் பூனையின் காலை ரொம்ப அக்கறையாகப் பார்த்தான். "இன்னும் ரெண்டு மூணு நாள் ஆகும்னு தோணுது."

"ஆமா... பாவம்," என்றாள் அவள்.

பத்தாம் நாள் ஜெவாத்துக்கு விடியற்காலைக் கப்பல், வர முடியவில்லை. பெரிஹான் தனியாகவே பூனையை மடியில் இடுக்கிக்கொண்டு கட்டுப் போட்டாள். சாயங்காலம் அவன் வந்தபோது, தொழில் தெரிந்த பெரியவர் என்று தெருவே 'உஸ்தா' போட்டுக் கூப்பிடும் அவள் அப்பா ரிஃபாத் உஸ்தா கையில் பூனை இருந்தது. ஒரே இழுப்பில் கட்டை அவிழ்த்தார்.

"கால் பட்டு மாதிரி இருக்கு. ஆறின காலுக்கு எதுக்குக் கட்டு? இன்னிக்குக் காலைல யாரு கட்டினது?"

ஜெவாத் சட்டென்று அவளைப் பார்த்தான். காலையில் அவன் வரவே இல்லையே! அவள் காது மடல் சிவந்துபோனது.

"நான்தான் உஸ்தா," என்றான்.

"தெரிஞ்சே கட்டினியா? தம்பி, என் பொண்ணை மூணு கடை வச்சிருக்கிற வீட்டுலேர்ந்து கேட்டு வர்றாங்க. கயிறு வீசறவனுக்கு இனிமே இங்க என்ன வேலை?"

ஜெவாத்தின் முகம் இறுகியது. ரோஷம். "சரிங்க. பூனை இங்கேயே இருக்கட்டும். இங்கதான் அதுக்கு வசதி."

போகிறானே... ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறானே! பெரிஹானுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"உட்காருங்க! காபி குடிச்சிட்டுத்தான் போகணும்."

கடையின் பின்பக்கம் அடுப்பில் காபி பொங்கியது. சர்க்கரை டப்பாவை விட்டுவிட்டுக் கை உப்பு டப்பாவுக்குப் போனது. ஒரு ஸ்பூன்... இரண்டு... மூன்று. ஊர் வழக்கப்படி, பெண் கேட்டு வருகிறவனுக்குத்தான் பெண் உப்புக் காபி கொடுப்பாள். முகம் சுளிக்காமல் குடித்தால் அவன்தான் மாப்பிள்ளை. இவன் கேட்கவே இல்லை. கேட்காதவனுக்குக் கொடுப்பது வெட்கம்கெட்ட வேலை.

கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்தவன் அப்படியே நிறுத்தினான். அவளைப் பார்த்தான். பிறகு நிதானமாக, அடிவண்டல் வரை குடித்தான். கண்ணில் மட்டும் நீர் கட்டியது.

"என்னப்பா, காபி அவ்வளவு சூடா?" ரிஃபாத் உஸ்தா கோப்பையை வாங்கி, விரலால் வண்டலைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் எட்டுக் கோணலானது. "யா அல்லாஹ்! ஏம்மா... அவன் கேட்கவே இல்லையே!"

"இப்போ கேட்கறேன்," என்று எழுந்தான் ஜெவாத். "மூணு நாளா ஆறின காலுக்குத்தான் கட்டினேன் உஸ்தா. அவங்களைப் பார்க்க எனக்கு வேற வழி தெரியல. உங்க பொண்ணை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வரட்டுமா?"

அப்பா மகளைப் பார்த்தார். அவள் அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே, "எனக்கும்தான்ப்பா..." என்றாள்.

அவர் பெருமூச்சு விட்டு, தண்ணீர்க் கிளாஸை அவன் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல தண்ணியைக் குடிடா, மூணு ஸ்பூனாவது இருக்கும் அதுல."

"வேண்டாம் உஸ்தா..." ஜெவாத் அவளைப் பார்த்துச் சிரித்தான். "இந்த ருசி இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."