குப்பியில் வளராதது

பூனையே இல்லாத வீட்டில், சுகமாகத் தூங்கும் பூனையின் குர்ர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சிலி நாட்டுத் துறைமுகமான வால்பரைசோவின் குன்றுகளைக் கடல்மூடுபனி விழுங்கியிருந்த அந்தப் பிற்பகலில், அக்கா இர்மாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த நெலிதாவை, வியர்வையில் ஊறிய போர்வையின் புளித்த வாடையும், கீழ்வீட்டு ரொட்டி கருகும் நெடியும், அவற்றுக்கெல்லாம் அடியில் அந்தச் சத்தமும் விடாமல் வந்து தொட்டுக்கொண்டிருந்தன. அக்காவுக்கு மாதக்கணக்காகக் காய்ச்சல். இதய வால்வில் ஏதோ ஒட்டி வளர்வது ஸ்கேனில் தெரிந்தது. நெலிதா வேலை பார்க்கும் ஆய்வகத்தில் அக்காவின் ரத்தக் குப்பிகளை இளஞ்சூட்டில் வைத்துக் காத்திருந்தார்கள். கிருமி எதுவும் வளரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கமாட்டேன் என்று அக்கா வீடு திரும்பிவிட்டாள்.

அத்தான் அன்செல்மோ மேல்தான் நெலிதாவுக்குச் சந்தேகம். அவர் கலந்து தரும் தேநீரில் என்ன இருக்கிறதோ? நேற்று அடுப்படியில் ஒரு பால் கிண்ணத்தைக் காலால் மறைத்தாரே?

"அத்தான், வீட்டுல பூனை இருக்கா?"

"இருந்தா உன் மூக்குக்குத் தெரியாதா? ஆய்வகத்து மூக்காச்சே!" சிரித்தார். பார்வை மட்டும் தரையை விட்டு எழவில்லை.

கைப்பேசி அடித்தது. டாக்டர்.

"நெலிதா, ரத்தத்துல எதிர்ப்பொருள் சோதனை பண்ணினோமே, அது சொல்லிடுச்சு. குப்பியில லேசுல வளராத கிருமி. பூனைக்குட்டிகிட்டேர்ந்து வர்றது. பூனையே இல்லன்னீங்களே? உடனே கூட்டிட்டு வாங்க, மருந்து இருக்கு."

பக்கத்தில் நின்று கேட்ட அன்செல்மோ கோப்பையைக் கீழே வைத்தார்.

"வீட்டுச் சொந்தக்காரி துரத்திடுவாளேன்னு மறைச்சோம்மா. மழையில நனைஞ்ச குட்டி. உங்கக்கா நெஞ்சுலயே போட்டுத் தூங்க வச்சா."

நடுங்கும் உயிரை நெஞ்சோடு அணைத்தது பாவமாகுமா? கன்னி மாதா அதைப் பார்த்திருக்க மாட்டாளா? இந்த மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று நெலிதா கூசிப்போனாள்.

"சரி, அதைப் பிடிங்க அத்தான். சத்தம் கேக்குதே."

"அது செத்து, பின்பக்கம் புதைச்சு மாசமாச்சும்மா."

"அப்போ அந்தக் கிண்ணம்?"

"உங்கக்காதான் வைக்கச் சொல்றா." அவர் குரல் இறங்கியது. "காலியாயிடுது."

கட்டிலடியில் பார்த்தாள். இல்லை. ஜன்னல். மூடுபனி. கதவு மூலை. இல்லை.

குனிந்து அக்காவின் மார்பில் காதை வைத்தாள்.

குர்ர்.

"அக்கா, எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சத்தம் போடாதடி." இர்மா கண்ணைத் திறக்கவில்லை. "இப்பதான் தூங்குது."

நெலிதா போர்வையை விலக்கினாள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் மெல்ல மேலெழுந்தது. அமுங்கியது. பாலுக்காகத் தாய்வயிற்றைப் பிசையும் சின்ன முன்னங்கால்கள். உள்ளேயிருந்து.

இடது. வலது. இடது.