நான்கு ரோஸ் புள்ளிகள்

"நீ பிடிக்கலடி. தொட்ட, அவ்வளவுதான்."

"பிடிச்சேன்!"

"விரல் நுனி பட்டுச்சு. அதுக்குப் பேரு பிடியா?"

"நீ என் ஃப்ரெண்டா, நடுவரோட ஃப்ரெண்டா?"

"உன் ஃப்ரெண்டுதான். அதுக்காக நடக்காததை நடந்துச்சுன்னு சொல்லணுமா?"

"அப்போ இனிமே என்கூடப் பேசாத!"

ஜூனோவும் டீகனும் கடைசியாகப் பேசியது இதுதான். அது போன கோடையில். ஜூனோவுக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது. மறக்க முயன்றுதான் பார்த்தாள், முடியவில்லை.

பெரிய பட்டம் ஒன்று இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்குவது எங்கள் கடலோர ஊரான லான்செலினில் பிள்ளைகளுக்கு சைக்கிள் ஓட்டுவது போல. சறுக்கினால் மட்டும் போதாது, காற்றில் எழும்ப வேண்டும். எழும்பினால் மட்டும் போதாது, அந்தரத்தில் ஒரு கையால் பலகையைப் பிடிக்க வேண்டும். ஸ்டைல் என்பதே அங்கேதான் இருக்கிறது.

எந்தக் கையால், எந்த இடத்தில் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பிடிக்கும் ஒரு பெயர். ஒன்றுக்கு 'முலாம்பழம்'. இன்னொன்றுக்கு 'ஊமை'. சறுக்கும்போது பின்னால் இருக்கும் கையை முதுகுக்குப் பின்னால் இறக்கி, குதிகால் பக்கம், இரண்டு பாதங்களுக்கும் நடுவே பிடித்தால் அது 'கெட்டுப்போன மீன்'. யார் வைத்த பெயரோ! ஆனால் அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

போன வருடம் சிறுவர் ஸ்டைல் போட்டியில் ஜூனோ அதற்குத்தான் முயன்றாள். கரையில் பைனாகுலரோடு நின்று, நடந்த வித்தையின் பெயரை நடுவரிடம் உரக்கச் சொல்வது டீகனின் வேலை. பன்னிரண்டு வயதுதான் என்றாலும் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஜூனோ எழும்பினாள், வளைந்தாள், இறங்கினாள்.

"கெட்டுப்போன மீன் இல்ல. தொட்டா, பிடிக்கல" என்றாள் டீகன்.

கோப்பை வேறு ஒரு பையனுக்குப் போனது. நட்பும் அன்றோடு போனது.

ஆனால் எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் இருப்பவர் தன் தலையைத் தட்டிக் காட்டினால், 'என் பட்டத்தைப் பிடித்து இறக்குங்கள்' என்று அர்த்தம். பார்த்தவர் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும், சண்டைக்காரராக இருந்தாலும் சரி.

அதனால் ஒரு வருடமாக ஜூனோ தலையைத் தட்டும்போது சில நாள் டீகன்தான் ஓடி வருவாள். பட்டத்தைப் பிடித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்துவாள். ஜூனோவும் உயர்த்துவாள். பிறகு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்த வருடப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது.

'இந்தத் தடவை பிடிச்சே தீருவேன்' என்று ஜூனோ முடிவு செய்தாள்.

ஒரே ஒரு சிக்கல். அந்தரத்தில் இருப்பது இரண்டு நொடி. கை பலகையைப் பிடித்ததா, உரசிவிட்டு வந்ததா என்று அவளுக்கே தெரியாது. யாராவது கரையிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

கரையில் மடக்கு நாற்காலியில், மூக்கில் ரோஸ் நிற வெயில் களிம்போடு அப்பா உட்கார்ந்திருந்தார்.

"பிடிச்சேனாப்பா?"

"சூப்பர் கண்ணு!"

"அய்யோ, நான் விழுந்தேனேப்பா!"

"விழுந்ததும் சூப்பர்!"

ஜூனோ பெருமூச்சு விட்டாள். அப்பாவுக்கு மகள் என்ன செய்தாலும் சூப்பர்தான். அவர் மூக்கைப் பார்த்தாள். சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"அப்பா, அந்தக் களிம்பைக் குடுங்க."

வலது கை முழுக்க அப்பிக்கொண்டாள். அது தண்ணீரில் லேசில் போகாத களிம்பு. கை பலகையில் பட்டால் தடம் இருக்கும். அதை வைத்து எப்படிப் பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

மதியம் காற்று வந்தது. அதற்கு எங்கள் பக்கத்தில் 'டாக்டர்' என்று பெயர். வெயிலில் வாடிக் கிடப்பவர்களை எழுப்பி உட்கார வைப்பதால் அப்படி. ஜூனோ ஆறு முறை எழும்பினாள். கரைக்கு வந்து பலகையைப் பார்த்தாள்.

ஓரத்தில், திரும்பத் திரும்பப் பட்ட ஒரே இடத்தில், நான்கு ரோஸ் புள்ளிகள். நான்கு விரல் நுனிகள்.

ஆறு முறையும் அவள் பிடித்ததாகத்தான் நினைத்திருந்தாள். டீகன் சொன்னதையே பலகையும் சொன்னது. டீகனோடு சண்டை போட்டாள். பலகையோடு எப்படிப் போடுவது?

அன்று மாலை சமையலறைத் தரையில் உட்கார்ந்து பலகையைக் காலில் மாட்டினாள். கையைப் பின்னால் நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் குனிந்தாள். பக்கவாட்டில் உருண்டாள்.

திரும்ப உட்கார்ந்து, இந்த முறை கையை நீட்டாமல் முழங்கால்களை மார்புவரை இழுத்தாள். பலகை தானாக மேலே வந்து கையில் உட்கார்ந்தது.

"ஓ! கை பலகையைத் தேடிப் போகக் கூடாது. பலகைதான் கைக்கு வரணும்!"

"ஜூனோ, அந்தக் கையோட ஃப்ரிட்ஜைத் தொடாத!" என்று அம்மா கத்தினாள்.

"தொடலம்மா. பிடிச்சேன்!"

மறுநாள் முழங்காலை இழுத்தாள், முதுகு அடிபட விழுந்தாள். அதற்கு அடுத்த நாள் மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியது. பட்டத்தின் கைப்பிடிக் கம்பி, சட்டை, காதுகூட ரோஸ் ஆனது. பலகையில் நான்கு புள்ளிகள், மூன்று புள்ளிகள், ஒரு நாள் வெறும் கீறல். தினமும் துடைத்துவிட்டுத் திரும்பக் கடலுக்குள் போனாள்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அப்பா சொன்னார்: "இந்த வருஷம் வித்தை பேர் சொல்ல டீகன் வரலையாம். போன வருஷம் நடந்ததுக்கப்புறம் அவளுக்கு மனசே இல்லையாம். அதனால நான் பைனாகுலரோட நிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"நீங்களாப்பா?"

"ஏன்? எல்லாரையும் சந்தோஷமா அனுப்பி வைப்பேன்."

ஜூனோவுக்குச் சிரிப்பு வரவில்லை. டீகனுக்கு மிகவும் பிடித்த வேலை அது. தான் கத்திய கத்தலால்தான் அவள் அதை விட்டுவிட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், திரும்ப வருவாயா என்றும் கேட்க வேண்டும் என்று ஜூனோ நினைத்தாள். முதலில் பிடிக்க வேண்டும், பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போட்டாள்.

போட்டிக்கு முந்தைய நாள். டாக்டர் நல்ல வேகத்தில் வந்தார். ஜூனோ எழும்பினாள். முழங்கால்களை இழுத்தாள். பலகை வந்தது. விரல்கள் மடங்கின. ஒன்று, இரண்டு... விட்டாள், இறங்கினாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகையைத் திருப்பிப் பார்த்தாள். மேலே கட்டைவிரல் தடம், அடியில் நான்கு முழு விரல்கள். ஓரத்தை வளைத்து இறுக்கிப் பிடித்த ஒரு முழுக் கை.

தலையைத் தட்டினாள். அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வர்றேன், வர்றேன்!"

ஜூனோ அவரைப் பார்த்துத் தலையசைத்து மறுத்தாள். அவருக்குப் பின்னால், தன் பட்டத்தின் கயிறுகளைச் சுற்றிக்கொண்டிருந்த டீகனை நேராகப் பார்த்து, மறுபடியும் தலையைத் தட்டினாள்.

டீகன் கயிறுகளைக் கீழே போட்டாள். பிறகு ஓடி வந்து பட்டத்தைப் பிடித்து, மணலில் கவிழ்த்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே மணல் அள்ளிப் போட்டாள். கட்டைவிரலை உயர்த்திவிட்டுத் திரும்பினாள்.

ஜூனோ கட்டைவிரலை உயர்த்தவில்லை.

"டீகன், இதைப் பாரேன்!"

டீகன் வந்தாள். குனிந்து பலகையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அந்த ரோஸ் தடத்தின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள்.

"கெட்டுப்போன மீனா?"

"ம்."

"முழுசா பிடிச்சிருக்க."

"போன வருஷம் களிம்பு பூசியிருந்தா நாலு புள்ளிதான் இருந்திருக்கும். நீ சொன்னது சரி. நான்தான் கத்தினேன். சாரிடி."

டீகன் மணலைக் காலால் கிளறினாள். "உங்கப்பா நாளைக்குப் பேர் சொல்லப் போறாராமே?"

"நேத்து ஒரு பெலிகன் தண்ணியில இறங்கினதுக்கே 'சூப்பர்'ன்னு கத்தினாரு."

டீகன் சிரித்துவிட்டாள். ஜூனோவும் சிரித்தாள். பிறகு மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீதான் பார்த்துச் சொல்லணும், டீகன். பிடிச்சா பிடிச்சேன்னு சொல்லு. தொட்டா, தொட்டேன்னே சொல்லு. வருவியா?"