மூச்சுக்கூடத்து வாசகர்

நெடுங்குன்றம் பள்ளியில் காலை மணி அடித்ததும் ஏழாம் வகுப்பு மாணவர்கள் முப்பத்தொருவர் காதுக்குப் பின்னால் பொருத்தியிருந்த ஓதுவியைக் கழற்றி நீர்க்கிண்ணத்தில் போட்டனர். கழற்றிய இடத்தில் தோல் வெளுத்திருந்தது. உலகம் ஒரு நொடியில் ஊமையாகிவிடுவதைப் பொறுக்காத சிலர் கண்களை மூடிக்கொண்டனர். முப்பத்திரண்டாவது மாணவியான வடிவுக்குக் கழற்ற எதுவும் இல்லை. குழந்தையாயிருந்தபோது ஏற்பட்ட தீக்காயத்தால் அவள் செவியருகே ஓதுவியைப் பொருத்த இடமில்லாமற் போயிருந்தது.

செவ்வாய்க் கோளில் பிறந்த மற்றவர்களுக்குப் படிக்க வேண்டிய தேவை எழவேயில்லை. கதவு, மருந்துப் புட்டி, பாடநூல், கல்லறை என எழுத்து இருந்த இடமெங்கும் ஓர் ஒலிக்குறியும் பதிந்திருந்தது. பார்வை அதன்மேல் விழுந்தவுடன் எழுதியிருப்பதை ஓதுவி செவிக்குள் சொல்லிவிடும். அது பயன்படாத இடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. கண்ணாடிக் கூரைக்குள் காற்றைத் தூய்மை செய்து அனுப்பும் மூச்சுக்கூடம் அது. அதன் ஈயச் சுவர்களுக்குள் ஓதுவி இயங்காது. எச்சரிக்கைகள் பலகையில் எழுத்தாக மட்டுமே தோன்றும். பூமி அனுப்பிய இயந்திரங்கள் அக்கூடத்தைக் கவனித்துவந்தன.

அதைத் தங்களிடம் ஒப்படைக்குமாறு ஊரார் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவந்தனர். பூமி ஒரே நிபந்தனை விதித்தது: பிள்ளைகள் ஓதுவியின்றிப் படிக்கவேண்டும். மொழி வகுப்பில் மட்டும் படித்தால் போதாது. வேதியியலில் வடிகட்டிக் குறிப்பையும், கணக்கில் அழுத்த அட்டவணையையும், நிலவியலில் புழுதிப்புயல் அறிவிப்பையும் படித்து, புரிந்ததைத் தம் சொற்களில் எழுதவேண்டும். இத்திட்டத்துக்குப் ‘பாடந்தோறும் எழுத்து’ என்று பெயர். அதைச் சோதிக்கும் அலுவலர் வருவதற்கு இன்னும் இரண்டு நாள்களே இருந்தன.

தலைமையாசிரியர் தணிகாசலம் வேதியியல் வகுப்புக்குள் நுழைந்தார்.

“பதினாலாம் பக்கம்.”

முப்பத்தொரு புத்தகங்களும் ஒரே வேகத்தில் திறந்தன. மாணவர்கள் கூரையைப் பார்த்தபடி வடிகட்டியைப் பற்றிய பத்தியை மூச்சு விடாமல் ஒப்பித்தனர். முதல் வரிசையிலிருந்த பரஞ்சோதி எல்லோருக்கும் முன்பாக முடித்துவிட்டுப் பெருமையுடன் உட்கார்ந்தான். எழுதும் பயிற்சியும் இவ்வாறே நடந்தது. கரும்பலகையில் இருந்த விடையை அவர்கள் கோலம் போடுவதுபோல் பிசகாமல் வரைந்தனர்.

“கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். மனப்பாடம் ஆனவங்க வலது கை, ஆகாதவங்க இடது கை. டீச்சர், நீங்க வலது கையா பாத்துக் கூப்பிடுங்க,” என்றார் தணிகாசலம்.

வடிவு எழுந்தாள். “சார், இந்தப் பக்கத்துல வேற என்னமோ இருக்கு. இவங்க சொல்றது போன வருசப் புஸ்தகம்.”

“நீ வாசி, பாப்போம்.”

அவள் விரலை வைத்து எழுத்துக்கூட்டினாள். “வ...டி...வடிகட்டி, நீ...ல...நிறம், ஆனா...ஆனால்...”

பரஞ்சோதி சிரித்தான். “இவ முடிக்கிறதுக்குள்ள வடிகட்டியே கெட்டுப்போயிரும், சார்.”

வகுப்பு முழுவதும் சிரித்தது. தணிகாசலம் சிரிக்கவில்லை. அவர் வேதியியல் ஆசிரியை செண்பகவல்லியின் பக்கம் திரும்பினார்.

“நாளன்னைக்கு இந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல். மருத்துவ அறையில படுக்க வெச்சிருங்க.”

“எனக்குக் காய்ச்சல் இல்லையே, சார்,” என்றாள் வடிவு.

“நாளன்னைக்கு வரும்.”

செண்பகவல்லி தாழ்ந்த குரலில் சொன்னார்: “சார், நெசமா படிக்கிறது இவ ஒருத்திதான்.”

“அதான் டீச்சர் பிரச்சினை. இவ படிக்கிறதக் கேட்டா, மத்தவங்க படிக்கலைன்னு தெரிஞ்சிரும்.”

சோதனை அலுவலர் வந்தார். விதிப்படி அவரும் தம் ஓதுவியைக் கழற்றியிருந்தார். அவர் காதுக்குப் பின்னாலும் தோல் வெளுத்திருந்தது. அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை; நேரங்காட்டியை மட்டுமே பார்த்தார். நிமிடத்துக்கு எத்தனை சொற்கள் என்பதே அவர் படிவத்தில் இருந்த கேள்வி. பரஞ்சோதி நூற்று நாற்பது சொற்களைச் சொன்னான். முப்பத்தொருவருக்கும் வாசிப்புச் சான்றிதழ் வழங்கப்பட்டது. வடிவு அன்று முழுவதும் காய்ச்சலின்றிப் படுத்திருந்தாள்.

ஒப்படைப்பு முடிய ஆறாண்டு பிடித்தது. கடைசி இயந்திரமும் கப்பலேறிய அன்று ஊர் இனிப்பு வழங்கிக் கொண்டாடியது. புதிய ஊர்மன்றத்தின் தலைவரான தணிகாசலம், மூச்சுக்கூடத்துக்கு ஒரு வாசகரை அமர்த்த நேர்காணல் நடத்தினார். செண்பகவல்லி வடிவை அழைத்துவந்தார்.

“சான்றிதழ்?”

“அன்னைக்குக் காய்ச்சல்னு நீங்கதானே சார் படுக்க வெச்சீங்க,” என்றாள் வடிவு.

“காய்ச்சலா? அப்ப மருத்துவச் சான்றிதழ் எங்கம்மா?”

அதுவும் அவளிடம் இல்லை. வாசகர் பணி பரஞ்சோதிக்குச் சென்றது. கூடத்தைப் பெருக்கும் பணிக்குச் சான்றிதழ் தேவைப்படாமையால், அது வடிவுக்குக் கிடைத்தது.

ஒன்பதாம் நாள், ஒரு புதன்கிழமை நண்பகலில், மூச்சுக்கூடத்துப் பலகையில் சிவப்பு எழுத்துகள் தோன்றின. மன்றத்தார் கூடினர்; செண்பகவல்லியும் வந்திருந்தார். பரஞ்சோதி தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று வாசித்தான்: “அனைத்துக் குழாய்களும் செவ்வனே இயங்குகின்றன. ஊழியர்களுக்குப் பாராட்டு.” மன்றத்தார் கைதட்டினர்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வடிவு பலகையின் அருகே வந்தாள். அவள் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை செண்பகவல்லி எவரையும் பேசவிடவில்லை.

“மூன்றாம் குழாய் அடைபட்டது. ஆறு மணி நேரத்துக்குள் மாற்றுக் குழாயைத் திறக்கவும்.”

“எவ்வளவு நேரம் எடுத்துக்கிறா பாருங்க,” என்றார் ஓர் உறுப்பினர்.

“சார், அந்தக் குழாயைத் திறக்கச் சொல்லுங்க. ஒரு திருகு திருகினாப் போதும்,” என்றார் செண்பகவல்லி.

“வாசகர் வாசிச்சத மன்றம் பதிவு பண்ணியாச்சு, டீச்சர். சான்றிதழ் இல்லாதவங்க சொல்றதக் கேட்டுக் குழாயைத் தொட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?” தணிகாசலம் சற்று யோசித்தார். பெருந்தன்மையான மனிதர் என்று பெயரெடுப்பதில் அவருக்கு விருப்பம் உண்டு. “அந்தப் பொண்ணுக்கும் ஒரு வாய்ப்புக் குடுப்போம். முறைப்படி தேர்வு எழுதட்டும். தேறினா, அவ வாசிச்சதையும் பதிவு பண்ணிருவோம்.”

சிறப்புத் தேர்வை வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நடத்துவதென்று மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது.