சவுனாவில் காய்ந்த நட்சத்திரம்

“ஐயையோ, எரியலையே!”

பிஹ்லா தலையில் கை வைத்தாள். ஔலு நகரத்தில் நட்சத்திரப் பாட்டு இல்லாமல் கிறிஸ்துமஸா? இந்த வருஷம் அவள் வகுப்புதான் பாடுகிறது. பாட்டுக்கு நடுவே விளக்கு வைத்த அட்டை நட்சத்திரத்தைச் சுழற்றுவது பிஹ்லாவின் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு அது மின்னியே ஆக வேண்டும்!

சுழலும் நட்சத்திரத்தில் நீளமாகக் கம்பி மாட்டினால் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் அம்மா, தான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு குப்பி மை கொண்டுவந்திருந்தார். வெள்ளித்தூள் கலந்த மை. கோடு போட்டால் போதும், அதன் வழியே மின்சாரம் ஓடும்! பிஹ்லாவும் அட்டை நட்சத்திரத்தில் பேட்டரியிலிருந்து குட்டி விளக்குகள் வரை கோடு இழுத்திருந்தாள்.

அம்மா தொட்டுப் பார்த்தார். “இன்னும் ஈரம் போகலடி. நல்லா சூடு பட்டாத்தான் வெள்ளித்தூள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். அப்பத்தான் கரண்ட் ஓடும்.”

“அடுப்புல வைக்கட்டுமா?”

“அதுல பலகாரம் வேகுது.”

பிஹ்லா துள்ளி எழுந்தாள். சனிக்கிழமையாயிற்றே! கல்லைச் சுடவைத்து ஆவியில் குளிக்கும் அறையான சவுனா கொதித்துக்கொண்டிருக்குமே! ஓடிப்போய் மேல் பலகையில் நட்சத்திரத்தை வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே ‘உஸ்ஸ்ஸ்’ என்று சத்தம். கதவைத் திறந்தால் ஒரே ஆவி! தம்பி ஒட்ஸோ கையில் கரண்டியோடு நின்றான்.

“சூட்டுக் கல்லு மேல தண்ணி ஊத்தினியாடா?”

“சவுனான்னா ஊத்தணும்ல அக்கா?”

அட்டை ஊறி வளைந்திருந்தது. ஒரு கோட்டில் விரிசல். ஒட்ஸோவின் உதடு துடித்தது. “நான் கெடுத்துட்டேன்.”

பிஹ்லாவுக்குக் கோபம் பொங்கியது. அவன் முகத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை.

“அழாதடா. உனக்கு ஒரு பெரிய வேலை இருக்கு. வாசல்ல காவல் நில்லு. ஒரு சொட்டுத் தண்ணிகூட உள்ள போகக் கூடாது.”

அட்டையை நிமிர்த்தி, விரிசல் மேல் மை தடவி, மறுபடி உள்ளே வைத்தாள்.

அப்பா துண்டும் வாளியுமாக வந்தார். “வழி விடுடா.”

“முடியாது! வாளியைக் கீழ வைங்க!”

“டேய், இது என் சவுனாடா!”

“இன்னைக்கு நட்சத்திரத்தோட சவுனா!”

அப்பா முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்.

மணி ஆறு. பள்ளி மேடை இருண்டது. பிஹ்லா படபடப்போடு பேட்டரியைப் பொருத்தினாள்.

பளிச்!

எல்லா விளக்குகளும் எரிந்தன! அவள் சுழற்றச் சுழற்ற அரங்கமே கை தட்டியது.

முன்வரிசையில் ஒட்ஸோ மட்டும் கை தட்டவில்லை. பக்கத்தில் தலைமையாசிரியர் தண்ணீர்க் கோப்பையை எடுத்ததைப் பார்த்துவிட்டான்.

“சார்! அதைக் கீழ வைங்க!”