மூன்றாவது விளக்கு

அச்சியா அழுது முடித்துவிட்டுத்தான் படியேறி வந்திருந்தாள். துஃபி மேடத்தின் மேசைமேல் ஒரு சாவு போஸ்டரை விரித்துப் போட்டாள். நடுவில் இறந்துபோன பெரியவர் கென்டே துணி போர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பிள்ளைகளின் பெயர்கள்.

"நான் கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சப்போ அஞ்சு பேரும்மா. அச்சாகி வந்ததுல நாலுதான் இருக்கு. கடைசிப் பொண்ணு ஃபோசுவா பேரைக் காணோம்."

பெரியவர் இன்னொரு வீட்டில் பெற்ற பெண் அந்த ஃபோசுவா. போஸ்டரில் பெயர் இல்லாதவள் சனிக்கிழமை நடக்கும் சாவுச் சடங்கில் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார முடியாது. பிறகு வீட்டில் பங்கு என்று வாயைத் திறந்தால் குமாசி ஊரே சிரிக்கும். கைக்கூலி வாங்கிக்கொண்டு அச்சியாதான் பெயரைத் தூக்கிவிட்டாள் என்று ஃபோசுவா அச்சக வாசலில் நின்று கத்தியிருந்தாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சர்பாங் சொல்லிவிட்டார். பெயரை விற்றவள் என்ற பேச்சு பரவினால், அச்சியாவை இந்த ஊரில் வேறெந்த அச்சகமும் சேர்க்காது.

துஃபி மேடம் போலீசிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது தனியாகத் துப்பறிகிறவர். குரலை உயர்த்தியதாக யாரும் சொன்னதில்லை. அவருடைய உதவியாள் பாரிமா முன்பு டாக்சி ஓட்டியவன். பின்சீட்டுப் பேச்சைக் கேட்டே ஆளை எடைபோடத் தெரியும் என்பது அவன் நினைப்பு. அந்த எடை பெரும்பாலும் தப்பும். அதற்காக அவன் எடைபோடுவதை விட்டதில்லை.

மேடம் கேட்கக் கேட்க அச்சியா சொன்னாள். போஸ்டரை டைப் அடித்து முடித்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. தூசிக் காற்றுக்காக ஜன்னல்களையும் சாத்தியிருந்தார்கள். ஜெனரேட்டரைப் போட்டார்கள், அது கம்ப்யூட்டருக்கும் அச்சு இயந்திரத்துக்கும் மட்டும்தான், விளக்குகளுக்குக் கிடையாது. அவள் திரையை மட்டும் அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து, மறுபடி படித்துப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பிவிட்டாள். அவள் இல்லாதபோது கடையில் இருந்தவர்கள் மூன்று பேர்: சர்பாங், அச்சு ஓட்டும் இன்டி, வேலையைக் கொண்டுவந்த பெரியவரின் மூத்த மகன் போவாடி. அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை என்று மூவரும் சாதித்தார்கள்.

"திரும்பி வந்தப்போ எதாவது மாறியிருந்துதா?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்லம்மா. கீபோர்டுல மூணு குட்டி விளக்கு இருக்குமே, அதுல ஓரத்துல இருக்கிறது என்னைக்குமே எரியாது. அன்னைக்கு எரிஞ்சுது. கீபோர்டு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

மேடம் போஸ்டரை மடித்தார். "பாரிமா, வண்டிய எடு."

வழியெல்லாம் பாரிமா, இன்டிதான் செய்திருப்பான் என்று பிடித்துக்கொண்டான். போன மாதம்தான் இன்டிக்கும் அச்சியாவுக்கும் வாய்த்தகராறு என்று தெருமுனையில் வாழைக்காய் சுடுகிறவளிடம் கேட்டு வைத்திருந்தான். பகையில்லாமல் புகையாது என்றான். மேடம் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

போவாடியையும் அச்சகத்துக்கு வரச்சொல்லி, அவர் மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: கரண்ட் போனால் நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள்? சர்பாங், தான் வேலையை மூட்டை கட்டிவிடுவதாகச் சொன்னார். இன்டி தன் இயந்திரத்திலேயே ஒரு விளக்கு இருப்பதைக் காட்டினான். போவாடி நெஞ்சை நிமிர்த்தினான். பான்டாமா பகுதியில் அவனுக்குக் கால்பந்துப் பந்தயம் கட்டும் கடை இருக்கிறது. பந்து உருளும்போது கரண்ட் போனாலும் கீபோர்டில் அவன் கை நிற்காதாம். பாரிமாவுக்கு இதில் ஒன்றும் பிடிபடவில்லை, ஆனால் தலையை மட்டும் பலமாக ஆட்டினான்.

மேடம் ஃபோசுவாவை வரவழைத்தார். ஜன்னல்களைச் சாத்தி, மெயினை அணைத்து, ஜெனரேட்டரைப் போடச் சொன்னார். அச்சியாவின் திரையை மட்டும் அணைத்து வைத்தார். அறையில் கீபோர்டு இருக்கும் இடம் மங்கலாகத்தான் தெரிந்தது.

"ஒவ்வொருத்தரா உக்காந்து உங்க பேரை அடிங்க. அவ்வளவுதான்."

சர்பாங் செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு விரலால் தேடித் தேடி அடித்தார். இன்டி கீபோர்டைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனான். போவாடி அலட்சியமாக வந்து உட்கார்ந்தான். உட்காரும்போதே அவன் வலது கை மேல்வரிசைக்கு நீண்டு ஒரு பட்டனைத் தட்டியது. மூன்றாவது விளக்கு எரிந்தது. அவன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு ஒரு நொடி காத்திருந்தான்.

"என்ன தம்பி, வெளிச்சம் வரலையா?" என்றார் மேடம்.

போவாடியின் கை அப்படியே நின்றுவிட்டது.

மேடம் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "அந்தப் பட்டன் பேரு ஸ்க்ரோல் லாக். கம்ப்யூட்டர் வந்த புதுசுல எதுக்கோ வெச்சாங்க. இன்னைக்கு அதை யாரும் தொடறதில்ல, எடுக்கவும் மனசு வரல, சும்மா இருக்கு. ஆனா சந்தையில மலிவா விக்கிற மின்னுற கீபோர்டு இருக்கு பாருங்க, அதுல எழுத்துக்கு அடியில வெளிச்சம் வரணும்னா அதைத்தான் தட்டணும். இருட்டுல தொழில் பண்றவன் உக்காந்ததும் மொதல்ல அங்கதான் கைய வைப்பான். இது சாதா கீபோர்டு. எழுத்து மின்னாது, ஓரத்து விளக்கு மட்டும் எரியும்."

"தூசி தட்டும்போது கை பட்டிருக்கும் மேடம்," என்றான் பாரிமா. இன்டியை விட்டுவிட அவனுக்கு இன்னும் மனம் வரவில்லை.

"அதனாலதான் மூணு பேரையும் உக்கார வெச்சேன். மத்த ரெண்டு பேருக்கும் அங்க ஒரு பட்டன் இருக்கிறதே தெரியல." மேடம் போவாடியைப் பார்த்தார். "திரைய போட்டா பேரு தெரியும். கை வெக்கிற எடம்தான் இருட்டா இருந்துது, இல்லையா?"

போவாடி சர்பாங்கைப் பார்த்தான், இன்டியைப் பார்த்தான். ஃபோசுவாவை மட்டும் பார்க்கவில்லை. "எங்கம்மா பக்கத்துல அவ உக்காரக் கூடாது," என்றான் கடைசியில். "அவ்வளவுதான் நான் கேட்டது."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றாள் ஃபோசுவா. அவன் வெளியேறினான்.

புதுப் போஸ்டருக்கு அவன்தான் பணம் கொடுக்கவேண்டும் என்று சர்பாங் அவன் பின்னாலேயே ஓடினார். வாசலில் திரும்பி, அச்சியா நாளைக்கு நேரத்தோடு வந்துவிட வேண்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். பாரிமா ஜன்னல்களைத் திறந்துவிட்டு, இன்டியின் முகத்தைப் பார்க்காமல் அவன் தோளில் ஒரு தட்டு தட்டினான்.

அச்சியா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்க்ரோல் லாக்கைத் தட்டி விளக்கை அணைத்தாள். ஐந்தாவது பெயரை அடித்துவிட்டு, அச்சுக்கு அனுப்பாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"வா, நீயே படிச்சுப் பாரு."

வாசலில் நின்று கத்திய ஃபோசுவா, பக்கத்தில் வந்து குனிந்தாள். தன் அப்பாவின் பெயரில் தொடங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. அதை எடுக்காமலே சொன்னாள்: "சனிக்கிழமை நீயும் வா. எங்கூட உக்காரு."